தேங்காய்ப்பூ இல்லாத வறை

மாலை ஆறு நாற்பது. சைக்கிளைக் கிடுகுவேலியில் சாத்திவிட்டு நிமிர்ந்தபோது நான் முதலில் கண்டது, என் அத்தான் ஒரு வாழைமரத்தை வரவேற்கும் காட்சி.

“வா தம்பி, எப்ப வெளிக்கிட்டனீ? பட்டணத்திலை என்ன புதினம்?” என்று அவர் அந்த வாழையைக் கேட்டார். நான் அவருக்கு வலப்புறத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன்.

“அத்தான், நான் இஞ்சாலை நிக்கிறன்.”

அவர் சிறிதும் தடுமாறவில்லை. வாழைத்தண்டை இரண்டு தட்டுத் தட்டினார்.

“அது தெரியும். இது இந்த மாசம் குலை போடுமோ எண்டு பாக்கிறன்.”

முப்பதுகளின் பிற்பகுதி அது. யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக் கந்தோரில் வேலை பார்த்தேன். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்குவதும் அச்சுப்படி திருத்துவதும் என் பொறுப்பு. சனிக்கிழமைகளில் கோப்பாயிலுள்ள அக்கா வீட்டுக்குப் போவேன். அந்த ஆண்டு தைப்பொங்கலுக்குப் பின் பல வாரங்கள் போக முடியவில்லை. போனது மாசி மாதத்தில்.

அத்தான் புகையிலைத் தோட்டக்காரர். பொழுதுபட்டபின் வீட்டில் அவர் நடந்த விதத்தைக் கவனித்தேன். சுவரில் ஒரு கை இருந்தது. கால் முதலில் தரையைத் தடவி, பிறகு ஊன்றியது. விளக்கைச் சுற்றியுள்ள வட்டத்துக்குள் எல்லாம் செய்தார். அதற்கு வெளியே எதையும் செய்யவில்லை. தண்ணீர்ச் செம்பை அக்கா வலக்கையில் கொடுத்தாள்.

“இஞ்சாருங்கோ, இனி ஒளிச்சு என்ன? தம்பி வாழைமரத்தடியிலையே கண்டிட்டான்” என்றாள் அக்கா.

“என்னத்தைக் கண்டவன்?”

“உங்களுக்கு மாலைக்கண் எண்டதை.”

“எனக்குக் கண்ணிலை ஒண்டுமில்லை. இந்த முறை பொழுது கொஞ்சம் கெதியாப் படுகுது.”

விஷயம் சிரிப்புக்குரியதல்ல என்பது சோறு போடும்போது தெரிந்தது. தோட்டத்துக் கிணறு பங்குக் கிணறு. அத்தானுக்கு உரிய முறை விடியுமுன். வெயில் ஏறினால் கிணறு அடுத்த பங்காளிக்குப் போய்விடும். துலா என்பது கிணற்றின்மேல் தராசுக்கோல் போல ஆடும் நீண்ட மரம். அதன்மீது ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, ஓலைப்பட்டை கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீரோடு ஏறும். அத்தானின் முறையில் நடப்பவர் அத்தான். கீழே நின்று பட்டை பிடிப்பவர் பக்கத்துக் காணிப் பங்காளி. முழங்கால் வாதம் பிடித்த அந்த மனிதரால் துலாவில் ஏற முடியாது. மாசியில் துலா மிதிக்கத் தெரிந்த எவனும் தன் தோட்டத்துத் துலாவில் நிற்பான். ஆகவே ஏற்கெனவே இரண்டு முறைகள் தவறிப்போயிருந்தன. புகையிலை காது தொங்கிய ஆடுபோல நின்றது. இன்னும் இரண்டு முறை தவறினால் அந்த ஆண்டுப் பயிரே இல்லை.

இரண்டாவது முறையன்று அத்தான் எவருக்கும் சொல்லாமல் இருட்டில் துலாவில் ஏறப் பார்த்திருக்கிறார். பங்காளி காலைப் பிடித்து இழுத்து இறக்கியிருக்கிறார்.

“என்ன சொன்னவர் தெரியுமே?” என்றார் அத்தான். இன்னும் கோபம் ஆறவில்லை. “நீ விழுந்தா உன்னை வெளியிலை எடுக்கலாம், பேந்து அந்தத் தண்ணியை ஆர் குடிக்கிறது எண்டு கேட்டவர்.”

மாலைக்கண் பற்றி எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு கட்டுரையைத் தமிழாக்கியிருந்தேன். விற்றமின் ஏ என்னும் சத்துக் குறைந்தால் மங்கல் வெளிச்சத்தில் கண் தெரியாது. மீன் எண்ணெய், முட்டை, வெண்ணெய், கரட் ஆகியவை நல்லவை என்று அதில் இருந்தது. கரட்டை மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் சொல்லித்தான் கோப்பாயில் அறிந்திருந்தார்கள். மீனும் முட்டையும் அந்த வீட்டு வாசற்படலைக்குள் வந்ததில்லை. பச்சை இலைகளிலும் அந்தச் சத்துக்கு மூலமான ஒன்று உண்டு என்று கடைசிப் பந்தி சொன்னது. இடம் போதாமல் ஆசிரியர் அந்தப் பந்தியைத்தான் வெட்டியிருந்தார்.

ஆனால் அக்கா என் கட்டுரைக்குக் காத்திருக்கவில்லை. அத்தானைப் பட்டணத்து டொக்டர் ஒருவரிடம் கூட்டிப்போயிருந்தாள். அவர் மீன் எண்ணெய் என்றார். அத்தான் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். டொக்டர் சிரித்துவிட்டு, “அப்ப முருங்கையிலை, பொன்னாங்காணி நல்லாச் சாப்பிடுங்கோ. வீட்டிலை வழக்கமாச் சமைக்கிற மாதிரிச் சமைச்சாக் காணும்” என்றாராம்.

“இண்டைக்குப் பதினைஞ்சு நாள் குடுக்கிறன்” என்றாள் அக்கா. “ஒரு மரம் மொட்டையாப் போச்சு. ஒரு குணமும் இல்லை.”

அப்போதுதான் அவருடைய தட்டைப் பார்த்தேன். சோற்றின் பக்கத்தில் கரும்பச்சையாக ஒரு கைப்பிடி முருங்கையிலை. தண்ணீரில் அவித்துப் பிழிந்து, வறுத்த உப்பும் மிளகும் தூவியது. என் தட்டிலிருந்த முருங்கையிலை வறையிலோ துருவிய தேங்காய்ப்பூ இலைக்குச் சமமாகக் கிடந்தது. எண்ணெயில் தாளித்த செத்தல்மிளகாயும் வெங்காயமும் பளபளத்தன.

“அவரின்ரை வறையிலை தேங்காய்ப்பூ எங்கை?”

அக்கா என்னைப் பார்த்த பார்வை, கோயிலுக்குள் செருப்போடு போனவனைப் பார்ப்பது போலிருந்தது.

“அவர் பத்தியமெல்லோ!”

கார்த்திகை மழையோடு அத்தானுக்குச் செங்கண்மாரி என்னும் மஞ்சட்காமாலை வந்தது எனக்குத் தெரியும். ஊர் நாட்டுவைத்தியரான பரியாரியார் கீழ்காய்நெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்து, எண்ணெய், நெய், தேங்காய் மூன்றையும் முற்றாக விலக்கிப் பத்தியம் கட்டியிருந்தார். மார்கழியில் மஞ்சள் இறங்கிவிட்டது. அடுத்த வாரம் நல்ல நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் வார்த்து, பத்தியத்தை விடுவிப்பது என்றிருந்தது. அதற்குள் பரியாரியார் திருவாதிரைக்குச் சிதம்பரம் போய்விட்டார். போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

பத்தியத்தைக் கட்டியவர்தான் அதை அவிழ்க்க வேண்டும். இது வலிகாமப் பகுதியில் எவரும் கேள்வி கேட்காத சட்டம். ஆகவே நோய் போய் இரண்டு மாதமாகியும் நோயாளி பத்தியத்திலேயே இருந்தார். பொங்கலன்றும் நெய்யில்லாப் பொங்கல். மாலைக்கண் வந்தபோது, மேற்கொண்டு ஒரு மருந்து சேர்ந்ததால் அக்கா பத்தியத்தை இன்னும் இறுக்கியிருந்தாள். முன்பு கிடைத்துவந்த ஆடையுடன் கூடிய தயிரும் நின்றுபோனது.

வெட்டப்பட்ட பந்தி எனக்கு நினைவில் இருந்தது. அந்தச் சத்துத் தண்ணீரில் கரையாது. கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும். அவித்துப் பிழிந்த இலை, தபாற்பெட்டியில் முத்திரை ஒட்டாமல் போட்ட கடிதம்போல எங்கும் போய்ச் சேராமல் கிடக்கிறது என்று சொன்னேன்.

“நீ பேப்பர் எழுதிறனீ. பரியாரி இல்லை” என்றாள் அக்கா. “செங்கண்மாரி திரும்பி வந்தா உன்ரை பேப்பரே பாக்கிறது?”

அது நியாயமான கேள்வி.

மறுநாள் காலை அத்தானை என் சைக்கிளின் முன்பாரில் ஏற்றிக்கொண்டு உரும்பிராய்க்குப் போனேன். அங்கே வேறொரு பரியாரியார் இருந்தார். அக்கா பக்கத்து வீட்டு வண்டியில் பின்னால் வந்தாள். எங்கள் இருவரையும் நம்பவில்லை. பகல் வெளிச்சத்தில் அத்தானின் கண் கூர்மையாக இருந்தது. வழிநெடுக நான் தவறவிட்ட பள்ளங்களை எல்லாம், விழுந்தபிறகு எடுத்துச் சொன்னார்.

உரும்பிராய்ப் பரியாரியார் மெலிந்த மனிதர். அத்தானின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். நாடி பிடித்தார். பசி, மலம், சிறுநீரின் நிறம் எல்லாம் கேட்டார்.

“செங்கண்மாரி போய்க் கனகாலம்” என்றார்.

“அப்ப பத்தியத்தை விடலாமோ ஐயா?” அத்தானின் குரலில் அவசரம்.

“அதை நான் எப்பிடிச் சொல்லுறது? அவர் கட்டினது.”

“அவர் சிதம்பரத்திலையெல்லோ.”

“எங்கையிருந்தாலும் அவர் அவர்தானே. நாளைக்கு நான் காசிக்குப் போனா, என்ரை நோயாளியின்ரை பத்தியத்தை அவர் அவிழ்க்கலாமோ? தொழிலுக்கு ஒரு மரியாதை இருக்கு.”

“அதுவரைக்கும் நான் கோழி மாதிரிப் பொழுதுபட அடையிறதோ? துலாவிலை ஆர் நடக்கிறது? என்ரை புகையிலை சாகப்போகுது ஐயா.”

பரியாரியார் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி பேப்பர்க் கந்தோரோ? உங்கடை இங்கிலீசுக்காரர் இந்தக் கண்ணுக்கு என்ன சொல்லுகினம்?”

இலையையும் கொழுப்பையும் பற்றிச் சொன்னேன். இம்முறை தபாற்பெட்டி உவமையை விட்டுவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டே வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார்.

“பத்தியத்தை நான் தொடமாட்டன்” என்றார் கடைசியில். “அது அப்பிடியே இருக்கட்டும். நான் புதுசா ஒரு மருந்து தாறன். மருந்து பத்தியத்துக்குள்ளை வராது.”

“என்ன மருந்து ஐயா?” என்றாள் அக்கா.

“முருங்கையிலை.”

“அதைத்தானே குடுக்கிறன்!”

“நீர் குடுக்கிறது கறி, பிள்ளை. நான் சொல்லுறது மருந்து. பிஞ்சிலையா ஆய்ஞ்சு, பசுநெய்யிலை வதக்கி, சோத்துக்கு முன்னம் இரண்டு நேரமும் குடும். சோத்தோடை குழைக்கப்படாது. குழைச்சாக் கறியாப்போம்.”

“நெய் பத்தியத்துக்கு ஆகாதெல்லோ?”

“நெய்யைத் தின்னக் குடுத்தா ஆகாது. இது அனுபானம். மருந்தைக் கொண்டுபோற வண்டில். வண்டிலை ஆரும் தின்னுறவையே?”

அக்கா யோசித்தாள். சட்டத்தில் ஓட்டை தேடுபவள்போல பரியாரியாரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “எவ்வளவு நெய்?” என்று கேட்டாள்.

“இலை மினுங்கவேணும்.”

அத்தான் முதல்முறையாகச் சிரித்தார். “வண்டில் கொஞ்சம் பெரிசாயிருந்தாப் பிழையில்லையே ஐயா?”

அதன்பின் மருந்து நேரம் தவறவேயில்லை என்று அக்கா பின்னர் சொன்னாள். அதுவரை சோற்றுக்கு மூன்று தரம் கூப்பிட வேண்டியிருந்த மனிதர், மருந்துக்கு அடுப்படியில் வந்து காத்திருந்தாராம். மாலைதோறும் அக்கா முற்றத்தின் மறு ஓரத்தில் நின்று விரல்களைக் காட்டிப் பரீட்சை வைத்தாள். அவர் எல்லா நாளும் “மூண்டு” என்றார். எப்போதோ ஒருநாள் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு. அக்கா ஒரு மாலை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அன்றும் மூன்று. அந்தக் கிழமையில் வந்த முறையும் தவறிற்று. அன்று குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிப் பயிரின் ஒரு மூலையை மட்டும் அவள் காப்பாற்றினாள்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது மணி ஆறரை. மூவரும் வீட்டுக் கிணற்றடியில் நின்றோம். பங்காளி தன் வேலிக்கு அப்பால் மாடு கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் உருவம் மட்டும் தெரிந்தது.

“அண்ணை!” என்று கூப்பிட்டார் அத்தான். “வேட்டியின்ரை பின்பக்கம் கிழிஞ்சிருக்கு. சால்வையை இறக்கிக் கட்டுங்கோ.”

பங்காளி கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். உண்மைதான்.

“அட, பிள்ளை!” என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார். “உவனுக்கு நெய் காணும், நிப்பாட்டு. இனி ஊரிலை ஒருத்தரும் பொழுதுபட வெளியிலை வரேலாது!”

அக்கா அதை நம்பவில்லை. வேட்டி கிழிந்ததை அவர் பகலிலேயே கண்டிருக்கலாம் என்றாள். அத்தானைப் படலைக்கு அனுப்பினாள். நடுவில் ஒரு ஓலைக் கடகத்தையும் உரலையும் இழுத்துவைத்தாள். அத்தான் இரண்டையும் விலகி நடந்து, படலையைத் தொட்டுத் திரும்பினார். திரும்பும்போது கடகத்தை எடுத்து அவள் தலையில் கவிழ்த்தார்.

இது இலையாலா, நெய்யாலா, அல்லது உடம்பு தானாகத் தேறியதாலா என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு மனிதரின் இரண்டு கண்களை வைத்து எந்த முடிவும் எழுதக் கூடாது என்பது பத்திரிகைக் கந்தோரில் நான் படித்த பாடம். வேறு நோயாளி எனக்குக் கிடைக்கவில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஞாயிறு விடியுமுன் அத்தானின் முறை. எப்படியும் பார்த்துவிடுவது என்று நானும் தோட்டத்துக்குப் போனேன். தண்ணீரை வாய்க்காலில் திருப்பிவிடும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நிலவு இல்லை. பங்காளி ஒரு அரிக்கன் லாம்பைக் கொண்டுவந்து கிணற்றுக்கட்டில் வைத்தார். துலாவின் உயரத்துக்கு அது எட்டவில்லை.

“விழமாட்டியே?” என்றார்.

“நான் விழுந்தா அந்தத் தண்ணியை நீங்கள் குடியாதையுங்கோ அண்ணை.”

“ஏறடா. சும்மா கதையாதை.”

அக்கா கிணற்றடியில் நின்றாள். வாயில் சேலைத் தலைப்பு. மேலே அத்தானின் பாதங்கள் மரத்தைத் தேடித் தடவவில்லை. நேராக வைத்து நடந்தன. பட்டை இறங்கியது. தண்ணீர் ஏறி வாய்க்காலில் விழுந்தது. சிறிது நேரத்தில் பங்காளி எண்ணிக்கைப் பாட்டைத் தொடங்கினார். மேலிருந்து அத்தான் ஈற்றடியைப் பிடித்துக்கொண்டார்.

வெயில் புகையிலையின் நுனியில் பட்டபோது அடுத்த பங்காளி தன் பட்டையோடு வந்து நின்றார். தோட்டத்தின் கடைசிப் பாத்தி நனைந்திருந்தது.