மலையிலிருந்து விழுந்தவர்களும் மைத்ரேயியும்

ஸ்ரீரங்கம் மைத்ரேயி இதுவரை நாற்பத்தேழு வீரர்களை மலையுச்சியிலிருந்து தள்ளியிருக்கிறார். காமிக்ஸில்தான். ஒருவனுக்கும் எலும்பு முறிந்ததில்லை. விழுந்த இடத்தில் குகை இருக்கும், குகையில் தாடிக்கார குரு இருப்பார். மூன்றே பக்கத்தில் பயிற்சி முடிந்து, பையன் அப்பாவைக் கொன்றவனைத் தேடிக் கிளம்பிவிடுவான்.

பகலில் தில்லை நகர் ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறார். மற்ற நேரத்தில், பாலக்கரை பெனடிக்ட் வெளியிடும் சீனச் சண்டை காமிக்ஸ்களை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்குகிறார். சீனாக்காரன் ஒரு வார்த்தையில் உதைப்பதற்குத் தமிழில் ஐந்து வார்த்தை ஆகும். அதுவரை வீரன் அந்தரத்தில் நிற்பான். நிற்கட்டும்.

பதினொரு வருஷத்தில் ஒரு புத்தகத்திலும் 'தமிழில்: மைத்ரேயி' என்று வந்ததில்லை. அதுதான் அவருடைய வயிற்றெரிச்சல். பைண்டிங் செய்தவருக்குக்கூட நன்றி போடுகிறார்கள். கேட்டால் பெனடிக்ட் சிரிப்பார்.

"மைத்ரேயின்னு போட்டா எவன் மேடம் சண்டைக் கதைன்னு நம்புவான்? சமையல் புஸ்தகம்னு நினைச்சுப்பான்."

என்ன திமிர் பாருங்கள்!

போன வருஷம் ஒரு கதையின் கடைசிப் பக்கத்தில் வில்லன் வழக்கம்போல் ரத்தம் கக்கினான். இந்தக் கதைகளில் வில்லன் சும்மா சாகக் கூடாது; உன் குரு யார் என்று கேட்டுவிட்டுத்தான் சாக வேண்டும். கேட்டான். வீரன் சொல்ல வேண்டிய சீனப் பெயரை அடித்துவிட்டு, "என் குரு மைத்ரேயி!" என்று எழுதினார் மைத்ரேயி. பெனடிக்ட் படம் பார்ப்பாரே தவிர எழுத்தைப் படிப்பவர் இல்லை. கொட்டை எழுத்தில் அப்படியே அச்சாகிவிட்டது.

யாரோ வாசகர் சொல்லி விஷயம் தெரிந்து, ஒரு வாரம் கழித்து பெனடிக்ட் போன் செய்தார்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? அடுத்த பாகத்துல அந்த குரு நேர்லயே வராருங்க. இடுப்பு வரைக்கும் தாடி! வாசகருங்க காறித் துப்புவாங்க."

"குருவோட பழைய பேர் வேற, துறவியானப்புறம் வச்சுண்ட பேர்தான் மைத்ரேயின்னு ரெண்டு வரி எழுதிச் சரி பண்ணிடறேன் சார். முதல் பக்கத்துல என் பேரைப் போட்டுடுங்கோ."

"அதை நானே எழுதிக்க மாட்டேனா?"

"பேஷா எழுதுங்கோ."

போனில் பெனடிக்ட் காகிதம் கசக்கும் சத்தம் இரண்டு முறை கேட்டது.

"சின்ன எழுத்துலதான் போடுவேன்."

"எறும்பு சைஸுல போடுங்கோ, போதும்."

புத்தகம் ஸ்கேன் சென்டருக்கே தபாலில் வந்தது. முதல் பக்கத்தைத் திறந்த மைத்ரேயி, தன் பெயரில் விரலை வைத்தபடி அழுதுகொண்டிருந்தார். டோக்கனுக்காக நின்றிருந்த துறையூர் அம்மாளுக்கு அதைப் பார்த்து முகம் வெளிறிவிட்டது.

"என் ரிப்போர்ட்டாம்மா?"

"இல்லம்மா," என்றார் மைத்ரேயி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "என்னோடது."