பரஸ்தானப் பையும் சிகாகோ டிக்கெட்டும்

மயிலாப்பூரில் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீசில் இருபத்தேழு வருடம் டிக்கெட் போட்டவள் நான். பெயர் ஸ்டெல்லா, வீடு சாந்தோம். மொபைலிலேயே எல்லாம் கிடைக்கும்போது ஏஜென்ட் எதற்கு என்று கேட்பவர்களிடம் ஜானகி மாமி கதையைத்தான் சொல்வேன். அதில் என் கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது, மடத்தனமும் இருக்கிறது.

1. மலிவாக வந்த வினை

ஒரு திங்கட்கிழமை காலை. நான் கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்குள் மாமி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். மாட வீதியில் தனியாக இருப்பவர், ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர். மகள் வித்யா சிகாகோவில்.

"வியாழக்கிழமையே சிசேரியன்னு டாக்டர் சொல்லிட்டாராம், ஸ்டெல்லா. மொதல் கொழந்தைதான் தங்கலை. இந்தத் தடவை நீ பக்கத்துல இருந்தாத்தான் உள்ள போவேன்னு அழறா."

அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே இருந்தது. கையில் ஒரு பிரிண்ட் அவுட்டும் இருந்தது. மாமியின் அண்ணா பையன் மொபைலில் தேடிக் கண்டுபிடித்த டிக்கெட். புதன்கிழமை புறப்பாடு, அடிமாட்டு விலை. இன்னும் பணம் கட்டவில்லை, நல்லவேளை. பார்த்ததுமே எனக்குக் கோபம் வந்தது.

"மாமி, இது ஒரு டிக்கெட் இல்ல, ரெண்டு தனித்தனி டிக்கெட். ஐரோப்பாவுல இறங்கி உங்க பெட்டிய நீங்களே எடுத்து, வெளிய வந்து, மறுபடி செக்-இன் பண்ணணும். வெளிய வர அந்த ஊர் விசா வேணும். இருக்கா?"

"இல்லையே!"

"முதல் பிளைட் லேட்டானா ரெண்டாவது பிளைட்காரன் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டான். குளிர்ல நடுவழில நிப்பீங்க."

ஒரு மணி நேரம் தேடினேன். வளைகுடா வழியாக ஒரே பிஎன்ஆரில், அதாவது முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக, சீட் கிடைத்தது. மாறுவதற்கு மூன்றரை மணி நேரம். பெட்டியை இங்கே போட்டால் சிகாகோவில் எடுத்துக்கொள்ளலாம். புதன்கிழமையே போய்ச் சேரலாம், விலையும் மாமிக்குக் கட்டுப்படியாகும். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்குப் புறப்பாடு.

மாமி முகம் சுருங்கியது. "செவ்வாய்க்கிழமை. அதுவும் ராகு காலத்துல. மாட்டேன்மா. போன தடவை நாள் பாக்காமப் போய்த்தான் அப்படி ஆச்சு."

புதன்கிழமை சீட் மூன்று மடங்கு விலை. அதற்கப்புறம் ஞாயிறுதான். வாதாடிப் பிரயோஜனமில்லை என்று எனக்குத் தெரியும். மாட வீதிக்காரர்களுக்கு இத்தனை வருடம் டிக்கெட் போட்டவளுக்கு அவர்கள் சாஸ்திரத்தில் உள்ள சந்துபொந்தும் தெரியும்.

"பரஸ்தானம் வைங்களேன் மாமி."

மாமி கண்ணை அகல விரித்தார். நல்ல நேரத்தில் பயணத்துக்கான ஒரு பையை வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அப்போதே புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். பை மட்டும் வீடு திரும்பக் கூடாது.

"வேதக்காரப் பொண்ணு, நோக்கு எப்படிடி தெரியும்?"

"இன்னிக்குச் சாயங்காலம் நாலே முக்காலுக்கு நல்ல நேரம். இங்கயே கொண்டுவந்து வைங்க."

சொன்ன நேரத்துக்கு ஒரு மஞ்சப்பை வந்தது. என் மேஜைக்கடியில், மாதா காலண்டருக்கு நேர் கீழே வைத்தார்.

"உங்க மாதா பாத்துப்பாளா?"

"என்னையே இத்தனை வருஷமாப் பாத்துக்கறாங்க. ஒரு பை என்ன பிரமாதம்!"

டிக்கெட்டை இஷ்யூ செய்தேன். சைவச் சாப்பாடு, மாறுகிற இடத்தில் வீல்சேர், எல்லாம் போட்டேன். எனக்கு ஒரே பெருமை.

2. நந்தனம்

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு மாமியின் டாக்ஸி ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். நான் ஒரு காசி கோஷ்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் மணியைப் பார்க்கவில்லை. ஒன்று ஐம்பதுக்குப் போன் வந்தது.

"ஸ்டெல்லா... மெட்ரோவுக்குத் தோண்டியிருக்கான்னு டிரைவர் வேற வழியா வந்துட்டான். நானும் வித்யாவோட பேசிண்டே ஏர்போர்ட் வரைக்கும் வந்து மறந்துட்டேன். பாஸ்போர்ட் அந்தப் பையிலன்னா இருக்கு!"

"பாஸ்போர்ட்டையா அதுல வச்சீங்க?"

"பயணத்துக்கு முக்கியமான வஸ்துவைத்தானே பரஸ்தானம் வெக்கணும்?"

மூன்று பத்துக்குக் கவுன்ட்டர் மூடிவிடுவார்கள். மேஜைக்கடியில் கைவிட்டுப் பையை எடுத்தேன். வெற்றிலை, மஞ்சள், அவற்றுக்கு நடுவில் பாஸ்போர்ட். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

ஆட்டோக்காரரிடம் ஏர்போர்ட் என்றதும் முடியாது என்று தலையாட்டினார். "இன்னாக்கா நீ! இந்நேரத்துக்கு கத்திப்பாராவுல மாட்டிக்கினா அவ்ளோதான். நந்தனத்துல எறக்கி வுட்றேன், மெட்ரோ புட்சிக்கோ."

"ஒரு அம்மா பிளைட் போயிடும்பா."

"போவாது. நல்லா கெட்டியா புட்ச்சிக்கோ."

தெரிந்த சந்தில் எல்லாம் புகுந்து போனார். மெட்ரோவில் உட்கார இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவோரமே நின்றேன். வாய் தானாக அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தது.

டிபார்ச்சர் வாசலில் மாமி பெட்டியைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார். மணி இரண்டு ஐம்பத்திரண்டு. பையைக் கையில் திணித்து, "அழறத உள்ள போய் அழுங்க, ஓடுங்க!" என்று கத்தினேன். மூன்று ஆறுக்கு மெசேஜ் வந்தது: போர்டிங் பாஸ் கிடைத்துவிட்டது. ராகு காலம் தொடங்கி ஆறு நிமிடம். மாமி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

3. கேட்காத கேள்வி

விசா கேட்டேன், பெட்டி கேட்டேன், சாப்பாடு கேட்டேன். பையில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. சாமி சமாச்சாரம், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். அவர்கள் வழக்கத்தை என் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டேனே தவிர, அதை அவர்கள் எப்படிச் செய்வார்கள் என்று விசாரிக்கவில்லை. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, கனெக்‌ஷன் என்பது விமானம் மாறுகிற ஊரில் இல்லை, வீட்டு வாசலிலிருந்தே ஆரம்பிக்கிறது. அன்றிலிருந்து, பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் நான் யாருக்கும் டிக்கெட்டைக் கையில் கொடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை சிகாகோவிலிருந்து போன். பெண் குழந்தை, இருவரும் நலம்.

"உள்ள போறவரைக்கும் வித்யா என் கையை விடவே இல்லைடி," என்றார் மாமி. ரிட்டர்னுக்கு நல்ல நாள் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"நாள் கெடக்கட்டும். ஒரே டிக்கெட்டாப் போடு, போறும். பாஸ்போர்ட்டை இடுப்பிலேயே முடிஞ்சு வெச்சிண்டிருக்கேன்."