அசிட்டும் ஒடியல் கூழும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை — அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டுதான்.

போன செவ்வாய்க்கிழமை கொக்குவிலில் எங்கள் வீட்டு பாத்ரூமுக்கு ரைல்ஸ் பதித்த மேசன், சீமெந்துக் கறை எடுக்க அசிட் கொண்டுவந்தார். வெறும் வாளிக்குள் போத்தலைக் கவிழ்க்கப் போனார்.

"நில்லுங்கோ தம்பி! தண்ணி எங்கை?"

"அதைப் பிறகு விடலாம் அம்மா. எல்லாம் ஒண்டுதானே?"

"ஒண்டில்லை. முதல் தண்ணி. பிறகுதான் அசிட், கொஞ்சம் கொஞ்சமாய்."

"நீங்கள் என்ன, கெமிஸ்ட்ரி ரீச்சரோ?"

"மூண்டாம் வகுப்பு. அதுவும் பாதியிலை விட்டது!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை…

சண்டையால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத அந்த வருசங்களில், எங்கள் முன் விறாந்தையில் என் கணவர் பற்றரி சார்ஜ் பண்ணிக் கொடுத்தார். சைக்கிள் கரியரில் பற்றரியைக் கட்டிக்கொண்டு எங்கிருந்தெல்லாம் வருவார்கள்! ரேடியோவுக்கு, படம் போடும் ரி.வி.க்கு. மண்ணெண்ணெய் எஞ்சின் நாள் முழுக்கக் கத்தும். அப்போது திட்டினேன். இப்போது வீடு இவ்வளவு அமைதியாக இருப்பது பிடிக்கவில்லை.

ஒருநாள் அவருக்குக் கடும் காய்ச்சல். அளவெட்டியிலிருந்து ஒருவர் பற்றரியோடு வந்து நின்றார். புது அசிட் கலக்க வேண்டும். "அவர் படுக்கட்டும், நான் கலந்து தாறன்" என்றேன். எத்தனை வருசம் பார்த்த வேலை!

ஆனால் எதை முதலில் ஊற்றுவார் என்று நான் கவனித்ததே இல்லை. என் கைக்குத் தெரிந்தது பிட்டு. மாவைக் கொட்டு, பிறகு தண்ணீர் விடு. அப்படியே செய்தேன். பீங்கான் சாடிக்குள் அசிட். அதன்மேல் ஒரு செம்பு மழைத்தண்ணீர்.

புஸ்ஸென்று சீறியது. இடக் கண்ணுக்குள் நெருப்பு.

காய்ச்சலோடு எழுந்து ஓடிவந்தவர் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார். அளவெட்டிக்காரர் அள்ள அள்ள, இவர் கண்ணில் ஊற்றிக்கொண்டே இருந்தார். "கண்ணைத் திறவும்! மூடாதையும்!" கடைக்குட்டி அப்போது நடக்கவும் தொடங்கவில்லை. இரண்டு கண்ணும் போய்விட்டால் இந்த ஐந்தையும் எப்படி வளர்ப்பேன்? அது ஒன்றுதான் மனதில்.

உடனே கழுவியதால்தான் கண் தப்பியது என்றார் டொக்டர். கட்டு அவிழ்த்த அன்று அந்தக் கண் முதலில் பார்த்தது அவரைத்தான் — சவரம் செய்யாத முகம், காய்ச்சலில் வற்றிய கன்னம். ஏச்சு விழும் என்று இருந்தேன்.

"நீர் பிட்டுக் குழைச்சுப்போட்டீர். அசிட் எண்டது ஒடியல் கூழ் அப்பா! பானையிலை முதல் தண்ணி நிக்கவேணும். பனங்கிழங்கு மா பிறகு, மெல்ல மெல்ல, துழாவித் துழாவி."

அவர் போய்ப் பதினொரு வருசம். இப்படி விளக்கம் சொல்ல இன்னொரு மனிதர் பிறக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன். தெரியாத கை பயந்து கேட்கும். தெரிந்த கைதானே கேட்காமல் ஊற்றுகிறது?

மேசன் தம்பி கடைசியில் வாளியில் பாதிக்குத் தண்ணீர் பிடித்தார். பிறகு அசிட்டை நூலாக விட்டார். வேலை முடிந்து, தேத்தண்ணி குடித்து, இரண்டு கண்ணோடும் வீட்டுக்குப் போனார்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் பேத்தி. பிள்ளை, ஒருக்கா வாசி பாப்பம். எது முதல் எண்ட இடத்தை மட்டும் ரண்டு தரம் வாசி… அதிலை பிழைச்சால் ஆரோ ஒராளின்ரை கண் போயிடும்.