டிவியின் பின்பக்கத்துப் பொட்டு

எங்கள் கடையில் ஹேர் டிரையர் விற்றதில்லை. ஆனால் பின்னறையில் ஒன்று எப்போதும் இருந்தது. அட்டைப்பெட்டியின் சீல் டேப்பைக் கிழியாமல் உரிக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. சூடு காட்டினால் பசை இளகும்; உரித்த டேப்பை மறுபடியும் ஒட்டிக்கொள்ளலாம். நான் இயற்பியலில் பட்டம் வாங்கியவன். அந்தப் படிப்பு இதற்கும் உதவியது.

எங்களுக்கு இரண்டு கடைகள். ஒன்று திருவள்ளூரில், நானும் மகனும் உட்காரும் மற்றொன்று இங்கே கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில். அங்கே வாங்கியவர் பழுது என்று திருப்பிக் கொடுத்த டிவி இங்கே வரும். இங்கே திரும்பியது அங்கே போகும். சின்னதாக ரிப்பேர் பார்த்து, துடைத்து, திரையில் புதுத் தாள் ஒட்டி, புதிது என்றே விற்போம். ஊரெல்லாம் செய்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. இப்போது அதைச் சொல்ல மாட்டேன். ஊர் என்ன செய்ததோ, நான் செய்தேன்.

துடைப்பதில் முக்கியமானது பொட்டு. புது டிவி வீட்டுக்கு வந்தால் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் எங்கள் பக்கத்தில் பலர் சுவிட்சைத் தொடுவதில்லை. முன்பக்க மூலையில்தான் வைப்பார்கள். ஸ்பிரிட் தொட்ட துணியால் இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும். திருவள்ளூரில் ஒரு குடும்பம் மட்டும் முன்பக்கம் இரண்டு வைத்து, பின்பக்கமும் ஒன்று வைத்திருக்கிறது. நான் திருப்பிப் பார்க்கவில்லை.

அந்த டிவியை எங்களிடம் புதிது என்று வாங்கியவர் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் பெண்மணி. பத்தாம் நாள், கம்பெனிச் சீருடையோடு, ஷேர் ஆட்டோவில் டிவியை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி கடைக்கு வந்தார். திரையில் கோடு விழுந்திருந்தது. பழுது பார்க்க வந்தவர் பின்பக்கத்துப் பொட்டைக் காட்டி, இது வேறு வீட்டில் ஓடியது என்று சொல்லிவிட்டாராம்.

கல்லாவில் இருந்த என் மகன் சிரித்தான். "இன்னாமா, நீயே பூஜ போட்டுட்டு வந்து எங்க தலையில கட்டப் பாக்குறியா?"

"எங்க ஊட்ல பைபிளுக்கே பொட்டு கெடையாது சார். டிவிக்கா வைக்கப் போறேன்?"

மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த இருவர் சிரித்துவிட்டார்கள். மகனுக்கு முகம் சுருங்கியது. "பக்கத்து ஊட்டுக்காரங்க வச்சிருப்பாங்க."

"செவுத்துல மாட்டுன டிவிக்குப் பின்னாடி பூந்து வச்சாங்களா? பேஜாரு பண்ணாத சார். புதுசுன்னு சொல்லிப் பழச எடுத்தாந்துட்டன்னு ஊட்ல என்னத்தான் பொய்க்காரின்றாங்க. எனக்கு டிவிகூட வேணா. வித்தது பழசுன்னு உங்க வாயால சொல்லுங்க. போய்க்கினே இருக்கேன்."

நான் எழுந்தேன். "பழசுதான்மா. முன்னாடி இருந்த பொட்டத் தொடச்சவன் நான்தான். பின்னாடி பாக்காம விட்டுட்டேன்."

"நைனா, நீ உள்ள போ," என்றான் மகன். பிறகு எல்லோரையும் பார்த்து, "வயசாயிடுச்சி. ஞாபகம் சரியில்ல," என்றான்.

என் ஞாபகத்தில் எந்தக் குறையும் இல்லை. பின்னறைக்குப் போய் ஹேர் டிரையரை எடுத்து வந்தேன். கடையில் இருந்த புதுப் பெட்டி ஒன்றை எல்லோருக்கும் நடுவில் வைத்து, டேப்பைச் சூடு காட்டி உரித்தேன். ஒரு நூல்கூடக் கிழியவில்லை. மறுபடியும் ஒட்டினேன். "இப்ப இது புதுசா, பழசா? சொல்லுங்க," என்று கேட்டேன். மிக்ஸி பார்த்தவர்கள் மிக்ஸியைக் கீழே வைத்தார்கள்.

அந்தப் பெண்மணி என்னையே பார்த்தார். "இந்த மாதிரி எத்தினி ஊட்டுக்குப் போச்சி?"

"தெரியாதும்மா."

"படிச்சவரு மாதிரி இருக்கீங்க. எண்ணக்கூட இல்லியா?"

புது டிவி ஒன்றைக் கொடுத்தேன். அங்கேயே பிரிக்கச் சொல்லி, பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத்தான் எடுத்துப் போனார். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அவமானமாக இருந்திருக்கும்.

மறுவாரம் கடைக்காரர்கள் சிலர் வந்தார்கள். "பெரியவரே, உங்களால எங்க கடையிலயும் பெட்டியத் தடவிப் பாக்குறாங்க," என்றார்கள். "பாக்கட்டும்," என்றேன்.

எத்தனை வீடு என்ற கேள்விக்கு என்னிடம் இன்றும் விடை இல்லை. இனி அதில் ஒரு வீடுகூடச் சேரக் கூடாது. திரும்பி வரும் ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்திலும், யார் கண்ணுக்கும் தப்பாத அளவில், நானே குங்குமப் பொட்டு வைக்கிறேன். கீழே 'திரும்பி வந்தது' என்று எழுதி, குறைந்த விலைக்கு விற்கிறோம். மகன் தினமும் அந்தப் பெட்டிகளைப் பின்வரிசைக்குத் தள்ளுகிறான். நான் தினமும் முன்னால் எடுத்து வைக்கிறேன்.