பூட்டாத வண்டிகளும் வைனெல் ஹேச்சரின் வாயும்

லோகன்ஸ் பெண்ட் ஊரில் துப்பாக்கியைப் பறிகொடுத்தவனுக்கு முதலில் வரும் கவலை துப்பாக்கியைப் பற்றியதாக இருக்காது. ஐயோ, வைனெல் ஹேச்சரிடம் போய் நிற்க வேண்டுமே என்பதுதான் முதல் கவலை. திருடனைப் பற்றிய நினைப்பெல்லாம் அதற்கு அப்புறம்தான் வரும்.

போலீஸ் ஸ்டேஷனின் கீழ்த்தளத்தில், கைப்பற்றிய பொருட்களை வைக்கும் அறையில், கம்பி போட்ட ஒரு ஜன்னலுக்குப் பின்னால் வைனெல் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தாள். சின்ன ஸ்டேஷன், ஆகையால் திருட்டுப் புகார் எழுதுவதும் அவள் வேலைதான். துப்பாக்கி வந்தால் அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டுவாள், அதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து எழுதுவாள், சீட்டைத் தொங்கவிடுவாள், கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்குவாள். கேஸ் முடிந்து கேட்பாரற்றுக் கிடப்பதை ஊர் நிர்வாகத்தார் வருடத்துக்கு ஒருமுறை ஏலம் விடுவார்கள். அப்படி ஏலத்தில் போன ஒன்று, மூன்று வருடம் கழித்து வேறொரு கேஸில் அகப்பட்டுத் திரும்பி வந்தால், "வாடியம்மா, போன இடம் பிடிக்கலையா?" என்று விசாரித்தபடியே சீட்டுக் கட்டுவாள். துப்பாக்கிக்கே இந்தக் கதி என்றால் மனிதர்களைக் கேட்க வேண்டுமா?

அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு துப்பாக்கியாவது இருக்கும். அதில் பாதி, வாசலில் நிற்கும் வண்டியில், முன்சீட்டுக்கு எதிரே உள்ள முன்பெட்டியில் இருக்கும். வண்டி பூட்டியிருக்காது. பூட்டினால் அக்கம்பக்கத்தாரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமாம். கள்ளன் வந்தால் சுடுவதற்காக வாங்கியதைக் கள்ளன் வந்து எடுத்துப் போகும்படி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உலகத்தில் வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது. எடுப்பவனுக்குச் சிரமமே இல்லை. கண்ணாடி உடைக்க வேண்டாம், கம்பி நெம்ப வேண்டாம். தெருவோடு நடந்துகொண்டே ஒவ்வொரு வண்டியின் கதவையும் இழுத்துப் பார்த்தால் போதும்.

மறுநாள் காலையில் வைனெலின் ஜன்னலுக்கு முன்னால் ஆண்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். ஒருவர், நாய் வண்டியிலேயேதான் படுத்திருந்தது, அதனால் பயமில்லை என்று நினைத்தேன் என்றார். நாய் என்ன செய்தது என்று வைனெல் கேட்டாள். வாலை ஆட்டியிருக்கும் போல என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்னொருவர் வண்டிக் கண்ணாடியில், 'இந்த வண்டியைத் துப்பாக்கி காக்கிறது' என்று ஒட்டி வைத்திருந்தார். திருடனுக்கு வழிகாட்டிப் பலகை வைத்த புண்ணியவான் என்று வைனெல் அவரை மெச்சினாள். மூன்றாமவர் கெட்டிக்காரர், மீன் பிடிக்கிற புழு டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். திருடன் புழுவையும் சேர்த்து எடுத்துப் போயிருந்தான். புழுவுக்குத் தனியாகப் புகார் எழுதவா, இதிலேயே சேர்த்துவிடவா என்று முகத்தை ரொம்ப அக்கறையாக வைத்துக்கொண்டு கேட்டாள் வைனெல்.

ஜன்னலோடு முடிந்தால் பரவாயில்லை. புதன்கிழமை சாயங்காலம் சர்ச் சபையில் எல்லாரும் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். அங்கே வைனெல் வறுத்த கோழியைக் கையில் வைத்துக்கொண்டு, வாரம் முழுவதும் வந்தவர்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டுவாள். பெயரைச் சொல்ல மாட்டாள்; அதில் ஒழுங்கு. ஆனால் அந்த நடையும் இருமலும் பெல்ட்டை மேலே இழுத்துக்கொள்கிற தினுசும் யாருடையது என்று குழந்தைகள்கூடச் சொல்லிவிடும். பட்டவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார், காது சிவந்துபோய். புழு டப்பாக்காரர் அதற்கப்புறம் பாப்டிஸ்ட் சபையை விட்டு மெதடிஸ்ட் சபைக்கே மாறிவிட்டார். வைனெல் அதையும் ஒரு கதையாக்கிச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

அவளுடைய கதைகளுக்கு முதல் ரசிகை கென்னா. முக்கிலிருந்த பெட்ரோல் பங்கின் கல்லாவில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பெண். அடுத்த வருடம் நர்ஸ் படிப்பில் சேருவதாக இருந்தாள். தினமும் காலையில் வைனெலுக்குக் காபியும் குழம்பு ஊற்றிய மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியும் எடுத்து வைத்துவிட்டு, "மிஸ் வைனெல், நேத்து யாரு மாட்டுனாங்க?" என்று கேட்பாள். அந்த ஊரில் கல்யாணமானவளையும் மரியாதைக்கு 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பாளே, அதற்காகவே வைனெல் நாலு சொல் கூட்டிச் சொல்வாள்.

வைனெலின் வீட்டுக்காரன் ட்ரூவெட் பேச்சில் கஞ்சன். வீட்டுக்கு வீடு எரிவாயு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். இப்போது ஊர்க்காரர்களின் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தை 'ம்' என்ற ஓர் எழுத்திலேயே ஓட்டிவிட்டவன். வண்டியைப் பூட்டு, வண்டியைப் பூட்டு என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதற்கும் 'ம்'தான்.

இலையுதிர் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி யாரோ அவர்கள் தெருவையே துழாவிவிட்டுப் போனான். புதன் காலையில் அக்கம்பக்கத்தார் நான்கு பேர் ஜன்னலுக்கு வந்தார்கள். வைனெலுக்கு அன்றைக்குக் கொண்டாட்டம். சாயங்காலம் சபையில் நான்கு பேரையும் வரிசையாக நடித்து முடித்துவிட்டு, ட்ரூவெட்டின் தோளில் கையைப் போட்டாள். இந்தத் தெருவில் மூளை உள்ள ஒரே ஆம்பிளை இதோ இருக்கிறான், முப்பது வருடம் கத்தியது வீண் போகவில்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். கைதட்டல்கூட விழுந்தது. ட்ரூவெட் உருளைக்கிழங்கை மென்றபடி 'ம்' என்றான். அவன் வாயில் போட்டதை விழுங்க வெகுநேரம் ஆனதை வைனெல் கவனிக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் பங்க் பூட்டிக் கிடந்தது. மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். வைனெல் காபி குடிக்காமலேயே ஸ்டேஷனுக்கு வந்தாள். முந்தின நாள் சாயங்காலம் ஒருவன் கல்லாவில் இருந்ததைக் கேட்டிருக்கிறான், கென்னா கொடுத்தும்விட்டாள். ஆனாலும் போகிற போக்கில் சுட்டுவிட்டான். முழங்கால் சிதறிவிட்டது. இரண்டு தெரு தள்ளி ஆளைப் பிடித்துவிட்டார்கள். துப்பறிவாளர் ஒடெல் கிரம்ப் இவ்வளவையும் சொல்லிக்கொண்டே பெட்டியை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார்.

வைனெல் மூடியைத் திறந்தாள். குட்டையான பழைய ரிவால்வர். மரப்பிடியில் ஒரு சில்லுப் பெயர்ந்து, அந்த இடத்தில் சிவப்பு நகப்பூச்சு அடைத்திருந்தது. அந்த நகப்பூச்சு எந்தக் கடையில் வாங்கியது என்பதுகூட அவளுக்குத் தெரியும். சமையலறை மேஜையில் உட்கார்ந்து அதை அடைத்தவளே அவள்தான்.

ஒடெல் கம்பியில் சாய்ந்துகொண்டு பெருமூச்சு விட்டார்.

"மிஸ் வைனெல், இதுல ஒரு கொடுமை கேளுங்க. சனிக்கிழமையே நம்ம ஆளுங்க இவனை ரோட்டுல நிறுத்தியிருக்காங்க. பின்விளக்கு எரியலைன்னு. இதே துப்பாக்கி மடியில இருந்திருக்கு. துப்பாக்கி நம்பரைக் கம்ப்யூட்டர்ல அடிச்சுப் பாத்தாங்க, திருட்டுன்னு எந்தப் புகாரும் இல்ல. சட்டப்படி அவன் வச்சுக்கலாம். கையில திருப்பிக் கொடுத்து, விளக்கை மாத்துப்பான்னு அனுப்பிட்டாங்க."

"புகார் இருந்திருந்தா?"

"அங்கேயே விலங்கு மாட்டியிருப்போம். அந்தப் பொண்ணு இன்னிக்கு உங்களுக்குக் காபி ஊத்தியிருக்கும்."

வைனெல் எண்ணை எழுதினாள். சீட்டைக் கட்டினாள். கையெழுத்து வாங்கினாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. பிறகு, தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

ட்ரூவெட் கொட்டகையில் ஒரு புல்வெட்டியைக் கவிழ்த்துப் போட்டு பிளேடைத் தீட்டிக்கொண்டிருந்தான். அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் அரத்தைக் கீழே வைத்தான். அவள் துப்பாக்கி கிடைத்ததைச் சொன்னாள். கென்னாவைச் சொன்னாள். சனிக்கிழமையையும் சொன்னாள். அவன் அந்த இயந்திரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"புதன் காலையிலயே. முன்பெட்டி திறந்து கிடந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல? நாலு பேரு வந்து எழுதிக் கொடுத்தாங்க. அஞ்சாவதா நீ வந்திருந்தா என்ன?"

அவன் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். மசகு போகவில்லை.

"சாயங்காலம் சொல்லிடலாம்னு இருந்தேன் வைனெல். நீ அதுக்குள்ள எனக்குக் கைதட்டு வாங்கிக் கொடுத்துட்ட."

வைனெல் கொட்டகைக்கு வெளியே போய் நின்றாள், திரும்பி வந்தாள். அவள் சொன்னதை நான் மறைக்கப்போவதில்லை; நல்ல மனுஷிக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும்.

"அது உன் மாமாகிட்டேருந்து வந்தது. அவரு பேருலதான் வாங்கினது. எண்ணை வச்சுத் தேடினா அவரு கல்லறையோட நின்னுடும். நகப்பூச்சு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் பிளேடைப் பார்த்தாள்.

"கென்னாவுக்கு?" என்றான் ட்ரூவெட். "அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்து என்ன சொல்லுவ? நேத்து யாரு மாட்டுனாங்கன்னு கேட்டா?"

அவன் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

ஸ்டேஷனில் ஒடெல் எல்லாவற்றையும் கேட்டார். தொப்பியை ஒருமுறை கழற்றி மறுபடியும் மாட்டிக்கொண்டார். மிஸ் வைனெல், இதை நீங்கள் எழுத வேண்டாம், நான் எழுதுகிறேன், உங்கள் புருஷன் விஷயம் என்றார். வைனெல் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர் ஆம்பிளைகளையெல்லாம் நான்தான் எழுதியிருக்கிறேன், நீங்கள் வேண்டுமானால் பக்கத்தில் நின்று பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். ட்ரூவெட் முன்னால் வந்து நின்றான். தலையைத் தொங்கப் போட்டிருந்தான்.

பெயர் கேட்டாள். முகவரி கேட்டாள், தன் வீட்டு முகவரியை. பொருள், அடையாளம், காணாமல் போனது தெரியவந்த நாள், எல்லாம் ஒழுங்காகப் போனது. அப்புறம் அந்தத் தாளில் ஒரு கட்டம் வந்தது. புகார் கொடுக்கத் தாமதமானதற்குக் காரணம்.

"அதை விட்டுடேன்," என்றான் அவன் மெதுவாக.

"விட முடியாது. கோர்ட்ல கேப்பாங்க."

"மறந்துட்டேன்னு போடு. எனக்கு வயசாச்சு, நம்புவாங்க."

"நீ மறக்கல ட்ரூவெட்." அவள் பேனாவைத் தாளில் வைத்துக் காத்திருந்தாள். "கொட்டகையில சொன்னியே, அதைச் சொல்லு."

அவன் ஒடெலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். முப்பத்தொரு வருடத்தில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசிய நாள் குறைவு.

"சபையில எல்லாரும் பாக்க என் பொண்டாட்டி என்னை நடிச்சுக் காட்டுவாளோன்னு பயந்தேன். மத்தவங்களைக் காட்டும்போது நானும் சிரிச்சிருக்கேன். அந்த இடத்துல உக்கார எனக்குத் தைரியம் இல்ல."

ஒரு சொல் விடாமல் எழுதினாள். எழுதியதைப் புகார் கொடுத்தவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. எத்தனையோ பேருக்கு அவள் படித்துக் காட்டியிருக்கிறாள், வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி, மேல்மாடிக்குக் கேட்கும்படி. அன்றைக்கு அந்தக் கட்டம் வந்ததும் படிப்பதை நிறுத்தித் தாளைக் கீழே வைத்துவிட்டாள். ஒடெல், போதும் மிஸ் வைனெல், விட்டுவிடுங்கள் என்றார். அவள் தலையை ஆட்டினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் படித்தாள், முழுவதையும். ட்ரூவெட் கையெழுத்துப் போட்டான். எழுதியவர் என்ற இடத்தில் அவளும் போட்டாள்.