பட்டியலில் நான் வெட்டிய நண்டுக்கறி

நான் செய்த பியரில் ஐந்து பொருட்கள்: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, ஈஸ்ட், ஹொப்ஸ் என்ற கசப்புப் பூ, எங்கள் ஊரான கண்டாவளையில் அக்காவின் கணவரான அத்தானின் வயலில் விளைந்த சிவப்பரிசி. ஐந்தாவது என் யோசனை. கொழும்புக்கு வெளியே நான் வேலை செய்யும் சிறிய பியர் ஆலையில் அதுவரை எவரும் பேல் ஏல் என்ற வெளிர்நிறப் பியருக்கு அரிசி போட்டதில்லை.

முதல் தொட்டி நன்றாக வந்தது. மூக்கில் ஆரஞ்சு போன்ற தோடம்பழத் தோலின் வாசம், நாக்கில் வறுத்த அரிசியின் மெல்லிய இனிப்பு, விழுங்கிய பிறகும் கொஞ்சம் நிற்கும் கசப்பு. ஆனால் அதை விற்பனைக்கு விடுவதா என்பதை முதலில் வாங்கவிருக்கும் ஒரு ஹோட்டலின் சமையல்காரர்களே தீர்மானிப்பார்கள் என்றார் மேலாளர். இதோடு சாப்பிட மூன்று உணவுகளை நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். யோசிக்காமல் முதலில் நண்டுக்கறியை எழுதினேன். எங்கள் ஊர் நண்டுக்கறியைப் பற்றி ஆலை முழுவதும் ஏற்கெனவே புழுகியிருந்தேன்.

வார இறுதியில் நான்கு போத்தல்களோடு ஊருக்கு, அக்கா வீட்டுக்கு வந்தேன். அக்கா நாயாறு களப்பில் பிடித்த நண்டை நல்ல உறைப்பாகச் சமைத்தார். அத்தான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு நண்டுக்கால் கடித்து, ஒரு மிடறு குடித்தார். நெற்றி வியர்த்தது.

"பிள்ளை, எரியிற நெருப்பில எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடக்கு."

"உங்களுக்கு உறைப்பு ஏலாது எண்டு சொல்லுங்கோவன்," என்றார் அக்கா. "பியரில பழி போடாதேங்கோ."

"அப்ப நீரும் குடிச்சுப் பாருமன்."

"எனக்கு மணமே காணும், குடிக்க வேண்டாம்."

நான் குடித்துப் பார்த்தேன். அத்தான் சொன்னது சரி. ஹொப்ஸின் கசப்பு மிளகாயின் எரிவைக் கூட்டும். படித்த பாடம்தான், ஊர்ப் பெருமையில் மறந்துவிட்டேன். நண்டின் இனிப்பும் தெரியவில்லை, அரிசியின் இனிப்பும் தெரியவில்லை.

"பட்டியலில இருந்து நண்டை வெட்டப்போறன்," என்றேன்.

"என்ர நண்டையோ? ஊரெல்லாம் புழுகிப்போட்டு?"

"ஓம் அக்கா. கறியில பிழையில்லை. ரெண்டும் சேராது."

அக்கா எழுந்து குசினிக்குள் போனார். கோபம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. பின்னேரத் தேநீருக்கென்று ஊறவைத்த பருப்பை அரைத்து, இறால் பதித்து, றால் வடை சுட்டுக் கொண்டுவந்தார்.

"இதுக்குச் செத்தல் மிளகாய் போடேல்லை. இதையும் வெட்டினால் பட்டினிதான்."

வடையின் எண்ணெயைக் கசப்பு கழுவியது. உப்பு அரிசியின் இனிப்பை முன்னுக்குக் கொண்டுவந்தது. அத்தான் மூன்றாவது வடையை எடுத்தார்.

நண்டுக்கறியைக் கோடிட்டு வெட்டிவிட்டு எழுதினேன்: றால் வடை, தேசிக்காய்ப் புளி பிழிந்த மீன் பொரியல், வறுத்த கச்சான் கடலை.

ஹோட்டல்காரர்கள் வடைத்தட்டைக் காலி செய்துவிட்டுச் சம்மதித்தார்கள். இப்போது போத்தலின் ஒட்டுத்தாளில் ஐந்தாவது பொருளுக்குப் பக்கத்தில் கண்டாவளை என்று அச்சாகியிருக்கிறது; பின்பக்கத்தில், இதோடு சாப்பிட றால் வடை என்று. வெறும் போத்தல் ஒன்றைக் கழுவி, ஊர்ப்பெயர் வாசலைப் பார்க்கும்படி அலுமாரியின் மேல் வைத்திருக்கிறார் அத்தான். வருகிறவர்களிடம், பின்பக்கத்தில் வடையும் இருக்கிறது, திருப்பிப் பாருங்கோ என்கிறார் அக்கா.