டீச்சர் எடுத்த சேலை, கணவருக்கு வந்த நன்றி

திண்டுக்கல்லில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். ஊருக்குள் செல்போன் பரவத் தொடங்கிய நேரம். "இனிமே நோட்டீஸையெல்லாம் யாரு படிப்பா மதினி? எஸ்.எம்.எஸ். அனுப்புவோம். நம்ம தெருவுல நாமதான் முதல்ல!" என்று கொழுந்தன் உயிரை எடுத்தான். நானும் தலையாட்டித் தொலைத்தேன். பில் போடும்போது எதற்கென்று சொல்லாமலே போன் நம்பரைக் கேட்டு வாங்கி, 'எங்கள் கடையில் சேலை எடுத்ததற்கு நன்றி' என்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டான்.

மறுநாளே, வாடிக்கையாக வரும் டீச்சர் ஒருவரின் கணவர் செல்போனும் கையுமாக வந்து நின்றார். "அவ அக்கா எடுத்துக் குடுத்த சீலைன்னுல்ல சொன்னா! நீங்க எதுக்கும்மா எனக்கு நன்றி சொல்றீங்க?"

டீச்சர் பில் போடும்போது கொடுத்தது அவர் நம்பர். அப்போதெல்லாம் வீட்டுக்கு ஒரு செல்போன். அதுவும் வீட்டுக்காரர் சட்டைப்பையில்தான் கிடக்கும். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அதுகூடவா எனக்கு உறைக்கவில்லை!

டீச்சர் அன்றிலிருந்து எதிர்க்கடைக்குத்தான் போகிறார். கொழுந்தனோ இப்போது வெப்சைட் என்று குதிக்கிறான். "செய்வோம் அப்பு. அதை டீச்சர் பாப்பாகளா, அவுக வீட்டுக்காரர் பாப்பாரா? மொதல்ல அதைச் சொல்லு" என்றேன். எங்கள் கடையில் இன்னமும் நோட்டீஸ்தான். அதையும் பெண்கள் கையில் மட்டும்தான் கொடுக்கிறேன்.